பாங்காக்ல ஒரு கிளை, அதுக்காக ஒரு பேங்க்

மயிலாப்பூர், தி. நகர் பக்கம் பழைய பீரோவைக் குடைஞ்சா, 'பாரத் ஓவர்சீஸ் பேங்க்'னு அச்சடிச்ச பாஸ்புக் சில வீட்ல இன்னும் கிடைக்கலாம். மவுண்ட் ரோட்ல தலைமை ஆபீஸ் வெச்சிருந்த சின்ன பேங்க். 34 வருஷம்தான் இருந்துச்சு. அது பிறந்த கதைதான் விசேஷம்.

கொஞ்சம் பின்னால போவோம். 1937 பிப்ரவரி 10. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஆரம்பிக்கறார். ஒரே நாள்ல மூணு கிளை: காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன். ரங்கூன் எதுக்குன்னு கேக்கறீங்களா? நகரத்தார் செட்டியார்கள் கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ண, போன ஊராச்சே! அப்புறம் மலேயா, பாங்காக்னு பேங்க் பரவுச்சு.

1969 ஜூலைல இந்திரா காந்தி 14 பேங்கை நாட்டுடைமை ஆக்கினாங்க. அதுல ஐ.ஓ.பி.யும் ஒண்ணு. இங்கே நமக்கு அது பெருமை. வெளிநாட்ல அதுவே தலைவலி. வேற நாட்டு சர்க்கார் நடத்தற பேங்க் எங்க ஊர்ல இருக்கக் கூடாதுன்னு மலேசியா சட்டம் போட்டுச்சு. 1973ல அங்கே இருந்த அஞ்சு கிளையையும் ஐ.ஓ.பி. விட வேண்டியதாச்சு. தாய்லாந்துலயும் அதே சிக்கல். அதே வருஷம் பாங்காக் கிளையை வாங்கிக்கறதுக்குன்னே உருவானதுதான் பாரத் ஓவர்சீஸ் பேங்க்.

பங்குதாரர் யாருன்னு பாருங்க. ஐ.ஓ.பி.க்கு 30 சதவீதம். மிச்சம் ஆறு தனியார் பேங்குக்கு: கரூர் வைஸ்யா, ஃபெடரல், சவுத் இந்தியன், கர்நாடகா, வைஸ்யா, பேங்க் ஆஃப் ராஜஸ்தான். சொத்தை மச்சான் பேர்ல எழுதி வெக்கற மாதிரி இல்லை? ஆனா எல்லாம் முறைப்படிதான். பேப்பர்ல இது தனியார் பேங்க், அதனால சர்க்கார் பேங்க்கிற பேச்சே வராது.

அப்புறம் இங்கேயும் கிளைகள் திறந்து, சாதாரண பேங்க் மாதிரியே ஓடுச்சு.

2005ல ரிசர்வ் பேங்க் தனியார் பேங்குகளுக்குப் புது விதி கொண்டு வந்துச்சு. ஒரு பேங்க், இன்னொரு பேங்க்ல 5 சதவீதத்துக்கு மேல பங்கு வெச்சிருக்கக் கூடாது. நிகர மதிப்பு குறைஞ்சது 300 கோடி இருக்கணும். முழுக்க முழுக்க பேங்குகளே முதலாளியா இருக்கற ஒரு பேங்க் இதுக்கு என்ன பண்ணும்? மத்த ஆறு பேரோட பங்கையும் ஐ.ஓ.பி.யே வாங்கிடுச்சு. 2007 மார்ச் 31ல இணைப்பு. பாங்காக் கிளையும் திரும்ப ஐ.ஓ.பி. கைக்கே வந்துடுச்சு.

என்னைக் கேட்டா இது கௌரவமான முடிவு. 2020 நவம்பர்ல லட்சுமி விலாஸ் பேங்க்குக்கு நடந்தது ஞாபகம் இருக்கா? 25,000 ரூபாய்க்கு மேல எடுக்கக் கூடாதுன்னு தடை, பத்தே நாள்ல டி.பி.எஸ். பேங்க் கைக்குப் போச்சு, பங்கு வெச்சிருந்தவங்களுக்குப் பைசா கூட மிஞ்சலை.

பாரத் ஓவர்சீஸ்ல பங்கு வெச்சிருந்த அந்த ஆறு தனியார் பேங்க்லயும் ரெண்டு இப்போ இல்லை. பேங்க் ஆஃப் ராஜஸ்தான் 2010ல ஐசிஐசிஐல சேர்ந்துச்சு. வைஸ்யா பேங்க், ஐஎன்ஜி வைஸ்யாவா மாறி, 2015ல கோடக் மஹிந்திராவோட போயிடுச்சு.