ஒலி மாற்றி, சவுண்டு கார்டு கொள்முதல்: கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்விகள்



கரையான்சாவடி சந்திப்பில் கைப்பேசி உதிரிபாகக் கடையோ கணினிக் கடையோ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. காலையில் ஒரு மாணவர் டைப்-சி ஒலி மாற்றி வாங்கிச் செல்வார். மாலையில் வந்து, "அண்ணே, இது என் போன்ல பாடவே மாட்டேங்குது" என்று மேசைமேல் வைப்பார். கடையிலுள்ள வேறொரு கைப்பேசியில் செருகினால் நன்றாகவே பாடும். பழுது பொருளிலும் இல்லை, கைப்பேசியிலும் இல்லை. கொள்முதலின்போது நாம் கேட்கத் தவறிய ஒரு கேள்வியில் இருக்கிறது.

100 ரூபாய்க்கு வாங்கி 150 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று திரும்பி வந்து, மொத்த வியாபாரியும் ஏற்காவிட்டால், போன முதலை ஈடுகட்டவே இன்னும் இரண்டு விற்க வேண்டும். வாடகையும் மின்கட்டணமும் தனி.

இந்தச் சரக்குக்குக் கிராக்கி வந்த கதை

கைப்பேசியிலும் கணினியிலும் பாட்டு எண்களாகவே பதிந்திருக்கிறது. அதைக் காதுக்கேற்ற மின் அலையாக மாற்றும் சில்லுக்கு டி.ஏ.சி. என்று பெயர். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989இல் சவுண்டு பிளாஸ்டர் அட்டையைக் கொண்டுவந்தது. அக்காலத்தில் கணினியில் நல்ல பாட்டுக் கேட்க அட்டை வாங்கியே தீரவேண்டும். 1997இல் இன்டெல் வகுத்த ஏ.சி.97 முறைக்குப் பின் ஒலிச்சில்லு மதர்போர்டிலேயே வரத் தொடங்கியது. தனி அட்டை வியாபாரம் சுருங்கியது.

2016இல் ஐபோன் 7இல் இயர்போன் துளை நீக்கப்பட்டது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. அதனால் மாற்றி இன்று சில்லறைக் கடைச் சரக்காகிவிட்டது. புளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வருவதால், விளையாட்டுப் பிரியர்கள் இன்னும் கம்பி இயர்போனையே கேட்கிறார்கள்.

டைப்-சி மாற்றியில் இரண்டு வகை

ஒரு வகையில் டி.ஏ.சி. சில்லு உள்ளேயே இருக்கும். மற்றது வெறும் கம்பி இணைப்பு. தன் டைப்-சி துளை வழியே நேரடியாக ஒலி அலை தரும் சில கைப்பேசிகளில் மட்டுமே வேலை செய்யும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

கண்டறிவது எளிது. டைப்-சி துளையுள்ள கணினியில் செருகிப் பாருங்கள். சில்லு உள்ளதென்றால் ஒலிச் சாதனப் பட்டியலில் புதிய பெயர் தோன்றும். வெறும் கம்பியென்றால் தோன்றாது. ரிச்சி தெருவில் மொத்தமாக எடுப்பவர்கள் முதலில் ஒன்றை மட்டும் வாங்கி இப்படிச் சோதித்த பிறகு மற்றதை எடுக்கலாம். சில்லு இருந்தும் பாடாவிட்டால், கைப்பேசியில் ஓ.டி.ஜி. வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சில மாடல்களில் அதை நாமே இயக்க வேண்டும்.

விளையாட்டுக்கு யு.எஸ்.பி. சவுண்டு கார்டு

மலிவான குச்சி வடிவக் கார்டுகளில் '7.1' என்று அச்சிட்டிருப்பார்கள். இயர்போனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என இரண்டே துளை உள்ள கார்டில் எட்டு ஒலிபெருக்கிகளை இணைக்க வழியில்லை. அது மென்பொருள் காட்டும் பாவனை. வாடிக்கையாளரிடம் அப்படியே சொல்லிவிடுங்கள்.

"மைக் வேலை செய்யவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் முள்ளே காரணம். முள்ளில் இரண்டு கறுப்பு வளையம் இருந்தால் பாட்டுக்கு மட்டும். மூன்று இருந்தால் மைக்கும் சேர்ந்தது. மூன்று வளைய முள்ளை இரு துளைக் கார்டில் பொருத்தப் பிரிப்புக் கம்பி தேவை. அதையும் சேர்த்து வையுங்கள். கூடுதல் விற்பனையும் ஆகும்.

டிவிக்கு ஆப்டிகல் மாற்றி

பழைய ஹோம் தியேட்டரைப் புது டிவியுடன் இணைக்க ஆப்டிகல் மாற்றி கேட்பவர்கள் உண்டு. டிவியில் டிஜிட்டல் ஒலி அமைப்பைப் 'பி.சி.எம்.' என்று மாற்றாவிட்டால், மலிவு மாற்றிகளில் ஒலி வராது, அல்லது இரைச்சல் வரும். கேபிள் நுனியிலுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றவும் சொல்லி அனுப்புங்கள். இந்த இரண்டு வாக்கியமே பல திரும்புதல்களைத் தவிர்க்கும்.

எண்களில் மயங்க வேண்டாம்

1982இல் விற்பனைக்கு வந்த இசைத் தட்டு, நொடிக்கு 44,100 மாதிரிகளும் 16 பிட் அளவும் கொண்டது. மனிதக் காது கேட்கும் எல்லைக்கு அது போதும். 192, 384 என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக அதிக விலை தரவேண்டியதில்லை. பாட்டை நிறுத்தியதும் இரைச்சல் கேட்கிறதா, இடது வலது சமமாக ஒலிக்கிறதா, முள் ஆடுகிறதா என்று பாருங்கள்.

பில்லும் பெட்டியும்

இறக்குமதிச் சரக்கின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஆகியவை இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராதது முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறவேண்டும். காலம் குறிக்காவிட்டால் 30 நாள். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது' என்ற பலகை, குறையுள்ள பொருளுக்குச் செல்லாது. ஆகவே மொத்த வியாபாரியிடமும் மாற்றித் தரும் காலத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

இணையக் கடைகள் விலையில் நம்மை முந்தலாம். வாடிக்கையாளரின் கைப்பேசியிலேயே செருகி, பாட வைத்துக் காட்டிக் கொடுக்க நம் மேசையால்தான் முடியும். அந்த இரண்டு நிமிடத்தைச் செலவிடும் கடைக்கு, மாலையில் அந்த மாணவர் நண்பரையும் அழைத்து வருவார்.