"ஆள் நல்லாத்தானே இருக்கே?"
கண்ணுக்குத் தெரியாத ஊனத்துக்கும் சட்டம் உண்டு!

சிவகாசி,

பட்டாசு ஆலையில் வெடி விபத்து என்றால் சாவு இத்தனை, காயம் இத்தனை என்று மறுநாளே கணக்கு வந்துவிடும். ஒரு கணக்கு மட்டும் வருவதில்லை. உயிர் தப்பியவர்களின் காது கணக்கு!

5-9-2012 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 38 பேர் பலியானதை மறக்க முடியுமா? தீக்காயம் பட்டவரைக் கண்டால் யாரும் "உச்" கொட்டுவார்கள். வெடிச் சத்தத்தில் செவிப்பறை கிழிந்தவரைக் கண்டால்? "ஆள் நல்லாத்தானே இருக்காரு" என்பார்கள். சரவெடி கேட்டாலே உடம்பு நடுங்கி, ராத்திரி தூக்கம் போனவர் கதியும் அதேதான்.

7 போய் 21

காது கேளாமை, மனநோய் இரண்டும் 1995 சட்டத்திலேயே உண்டு. அதில் இருந்தது 7 வகை ஊனம். 2016ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. ஆட்டிசம், கற்றல் குறைபாடு, ஹீமோபிலியா, நடுக்குவாதம் எல்லாம் சேர்ந்தன. 19-4-2017 முதல் அமல்.

40 சதவீத முட்டுக்கட்டை

ஊனம் 40 சதவீதம் இருந்தால்தான் அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு. செவித்திறன் குறைவு என்றால் இரண்டு காதிலும் 60 டெசிபல் குறைந்திருக்க வேண்டும். ஒரு காது தப்பித்தால் சிக்கல்தான்!

ஆனால் 2021ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு போடு போட்டது. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயாளிக்கு, 40 சதவீதம் இல்லை என்று சொல்லி, பரீட்சை எழுத உதவியாளர் மறுக்கப்பட்டார். அது செல்லாது என்று தீர்ப்பு.

வேலை போனால்?

அரசு ஊழியர் பணிக் காலத்தில் ஊனமானால் வேலையை விட்டுத் தூக்க முடியாது. ஆலைத் தொழிலாளிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 2025 வரை அவருக்குக் கைகொடுத்தது 1923 நஷ்டஈட்டுச் சட்டம். முழுச் செவிடு என்றால் 100 சதவீத உழைப்பு இழப்பு என்றது அது. 2 வருஷத்துக்குள் கேட்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. ஈ.எஸ்.ஐ. உள்ளவர்கள் அங்கேயே கேட்க வேண்டும்.

எனவே, விபத்தில் தப்பியவர்கள் "காயம் இல்லை" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. காதையும் சோதித்து, சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. நாலு பேர் முன்னால் "ஏலே செவிட்டுப் பயலே" என்று வேண்டுமென்றே கேவலப்படுத்தினால், 6 மாதம் முதல் 5 வருஷம் வரை ஜெயில்!