பழைய கட்டடத்தில் விளக்கு மினுக்குகிறதா? அலட்சியம் வேண்டாம்

முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு என்று தாத்தா காலத்துக் கட்டடத்திலேயே வியாபாரம் செய்பவர்கள் நம் உறுப்பினர்களில் ஏராளம். மரச்சட்டத்தில் ஆணியடித்து ஓட்டிய வயர், வட்டக் கட்டையில் கறுப்பு சுவிட்ச், பீங்கான் பியூஸ் கட்டை எல்லாம் அன்று நாலு குண்டு பல்புக்காகப் போட்டவை. இன்று பிரீசரும் பில் மெஷினும் அதே வயரில்தான் ஓடுகின்றன. விளக்கு மினுக்கினால் பல்பை மாற்றிவிட்டு கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் மினுக்கினால் கோளாறு பெரும்பாலும் அந்த ஹோல்டரில் அல்லது சுவிட்சில்தான். பழைய டியூப் லைட்டில் இரு முனையும் கறுத்திருந்தால் டியூபின் ஆயுள் முடிந்தது. முனைகள் மட்டும் சிவந்து நின்றுவிட்டால் ஸ்டார்ட்டரை மாற்றிப் பாருங்கள். பிரீசர் ஓடத் தொடங்கும் கணத்தில் விளக்கு சற்றே மங்கித் தெளிவதில் பயமில்லை. மங்கியது தெளியாவிட்டால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் அந்தச் சுமையைத் தாங்கவில்லை.

மூன்று பேஸ் இணைப்பு உள்ளவர்கள் மிகவும் அஞ்ச வேண்டியது வேறொன்று. கடையில் விளக்கு கண்ணைக் கூசும்படி எரியும், அதே நேரம் வீட்டுக்குள் மங்கும். நமக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர் இதை வோல்டேஜ் கோளாறு என்று நினைத்து, மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அன்றிரவே பிரீசரும் எலக்ட்ரானிக் தராசும் கருகின. காரணம், மெயின் போர்டில் நியூட்ரல் வயர் தளர்ந்திருந்தது. நியூட்ரல் விட்டுப்போனால் 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் வந்துவிடும். இந்த அறிகுறி கண்டால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். பிறகு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். கோளாறு மீட்டருக்கு வெளியே என்றால் மின்வாரிய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த செம்புக் கம்பியை முறுக்கி வைப்பது நம்மவர்களின் கெட்ட பழக்கம். பியூஸ் உருகுவதற்கே இருக்கிறது. அது உருகாவிட்டால் சுவரில் ஓடும் வயர் சூடேறும். பக்கத்தில் சாக்கு மூட்டையும் எண்ணெய் டின்னும் இருக்கின்றன.

சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு லேசாக ஒளிர்ந்தால், பழைய கட்டடங்களில் சுவிட்ச் பேஸில் இல்லாமல் நியூட்ரலில் இருக்கக்கூடும். (எப்போதும் அப்படியல்ல; நீண்ட தூரம் இணையாக ஓடும் வயராலும் ஒளிரும்.) நியூட்ரலில் இருந்தால், சுவிட்சை அணைத்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும். ஆகவே மெயினை அணைக்காமல் பல்பு மாற்ற ஏணியில் ஏறாதீர்கள், கடைப் பையன்களையும் ஏற்றாதீர்கள்.

முழு வயரிங்கையும் ஒரே மூச்சில் மாற்ற எல்லோராலும் முடியாது என்பது தெரியும். அப்படியானால் மூன்றை முதலில் செய்யுங்கள்: மெயின் போர்டை மாற்றி எம்.சி.பி.யும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் போடுதல், எர்த்தைச் சரிபார்த்தல், பிரீசருக்குத் தனி வயர் இழுத்தல். தீபாவளிக்கு சீரியல் செட் மாட்டுவதற்கு முன்பே, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கொண்டு மெக்கர் வைத்து வயரைச் சோதித்துவிடுங்கள்.