காமாலை வராமலே கரையும் ஈரல்

ரத்ததானம் செய்துவிட்டு வந்த சில நாளில் போன் வருகிறது: "தம்பி, ஒரு தடவை நேர்ல வந்துட்டுப் போங்க." போனால் கையில் ஒரு சீட்டு. எச்.பி.எஸ்.ஏஜி, அதாவது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம், பாசிட்டிவ். கண் மஞ்சளிக்கவில்லை, பசி குறையவில்லை. நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி பலருக்கு இப்படித்தான் தெரியவருகிறது.

இந்த வைரஸ் கல்லீரல் செல்லைத் தானாகப் பெரும்பாலும் கொல்வதில்லை. கொல்பவை நம் உடம்பின் காவல் செல்கள். வைரஸ் புகுந்த கல்லீரல் செல்லை 'டி செல்கள்' தேடிப்பிடித்து அழிக்கின்றன. அது உடைந்து கசியும் நொதியைத்தான் லேப் ரிப்போர்ட்டில் எஸ்.ஜி.பி.டி. என்று பார்க்கிறோம். பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றில் 95 பேருக்கு இந்தச் சண்டை ஆறு மாதத்துக்குள் ஓய்ந்துவிடும். தாயிடமிருந்து பிறக்கும்போதே தொற்றிய குழந்தைகளில் 90 சதவீதம் பேருக்கு அது ஓய்வதே இல்லை.

கல்லீரல் சுபாவத்தில் சாது. குடலிலிருந்து சத்தும் பாக்டீரியாத் துணுக்குகளும் கலந்து வரும் ரத்தம் முதலில் அங்குதான் போகிறது. கண்டதற்கெல்லாம் சண்டை போட்டால் தாங்காது. அந்தப் பொறுமையில்தான் வைரஸ் குடியிருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே எதிரியைப் பார்த்துப் பார்த்து டி செல்கள் களைத்துப்போகின்றன. அவற்றின் மேலுள்ள பி.டி.-1 என்ற புரதம் பிரேக் போலப் பிடித்துக்கொள்கிறது. தீர்த்துக்கட்டத் தெம்பு கிடையாது, ஆனால் சண்டையும் நிற்காது. உமித்தீ போலக் கனலும் அந்த அழற்சியில் 'ஸ்டெல்லேட்' செல்கள் நார் நாராகத் தழும்பு பின்னுகின்றன. சிரோசிஸ் அங்கே தொடங்குகிறது. சிலருக்குப் புற்றுநோயும்.

ஆகவே ஒருமுறை எஸ்.ஜி.பி.டி. நார்மல் என்று வந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள். வைரஸ் அளவும் ஈரலின் தழும்பும் சீராகப் பார்க்கப்பட வேண்டும். வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் போன்ற மாத்திரையை நீங்களாக நிறுத்தினால், அடங்கிக் கிடந்த வைரஸ் பெருகி, காவல் செல்கள் ஒரேயடியாகப் பாய்ந்து ஈரலே செயலிழக்கலாம். கீமோ, ரிடுக்ஸிமாப், நீண்டநாள் ஸ்டீராய்டு என்று காவல் செல்களை அடக்கும் மருந்து எதுவானாலும் தொடங்கும் முன்பே "ஹெபடைட்டிஸ் பி பார்த்தாச்சா டாக்டர்?" என்று கேளுங்கள்.

கீழாநெல்லி? 1988இல் ஆய்வாளர் தியாகராஜனும் நோபல் பெற்ற புளும்பர்க்கும் சென்னையில் செய்த ஆய்வில், அதை உட்கொண்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு எச்.பி.எஸ்.ஏஜி மறைந்ததாக 'லான்செட்' இதழில் வந்தது. பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனக்கும் வருத்தம்தான். மாத்திரைக்குப் பதிலாக அதை நம்ப முடியாது.

ஹெபடைட்டிஸுக்காக 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அரசு மருத்துவமனையில் கேட்டுப் பெறுங்கள். எழுதிக் கேட்டால் மருத்துவ ஆவணங்களை 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும். உங்கள் முடிவை டாக்டர் வெளியே சொன்னால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். எச்.ஐ.வி.க்கு 2017இல் வந்த பாதுகாப்புச் சட்டம் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளுக்குப் பொருந்தாது என்பது பெரிய ஓட்டை. ஒரே தம்ளரில் குடிப்பதாலோ ஒரே பந்தியில் உண்பதாலோ இது பரவாது. தொற்றைக் காரணம் சொல்லி யாரையும் தனித்தட்டில் சாப்பிட வைக்காதீர்கள்.

வீட்டில் அனைவருக்கும் பரிசோதனை, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி. குழந்தை பிறந்தால் 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி போட்டாக வேண்டும். தாய்க்குத் தொற்று இருந்தால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசியும் சேரும், கூடுமானவரை 12 மணி நேரத்துக்குள். பிரசவத் தேதிக்கு முன்பே அது கையிருப்பில் உண்டா என்று நர்ஸம்மாவிடம் விசாரித்து வையுங்கள்.