ஏரிக்கு ஏற்ற மோட்டார் எது?

பழவேற்காடு ஏரி பார்வைக்குக் கடல். சுமார் 60 கிலோமீட்டர் நீளம். ஆனால் பல இடங்களில் இறங்கி நின்றால் தண்ணீர் இடுப்பளவுதான்! எளாவூரை அடுத்த ஏரிக்கரைக் கிராமங்களில், கழி ஊன்றிப் படகு தள்ளியவர்களுக்கு அந்தத் தூரத்தின் அருமை தெரியும். அவர்கள் தோளுக்கு ஓய்வு தரப் பாட்டரியில் ஓடும் சிறு மோட்டார்கள் இன்று கிடைக்கின்றன. எதை வாங்குவது?

இந்த மோட்டார் பிறந்தது 1934-ம் ஆண்டில். அமெரிக்காவில் ஃபார்கோ நகரில் ஓ.ஜி. ஷ்மிட் என்பவர், ஃபோர்டு காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரில் தண்டும் விசிறியும் பொருத்தினார். மெள்ள, சத்தமின்றி நகர்வதற்கான கருவி இது, பந்தயத்துக்கு அல்ல.

கடைக்காரர் '55 பவுண்டு' என்பார். அது மோட்டாரின் எடை அல்ல, தள்ளும் விசை. படகு, ஆள், வலை, மீன் எல்லாம் சேர்த்து 100 கிலோ எடைக்கு 2 கிலோ விசை என்பது கணக்கு. 1,000 கிலோ என்றால் 20 கிலோ. அதாவது 44 பவுண்டு. இது காற்றில்லாத நாளுக்கு. ஏரியில் காற்று எழுந்தால் 55 பவுண்டாவது வேண்டும்.

அடுத்து பாட்டரி. ஏமாறும் இடம் இதுதான். 55 பவுண்டு மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-மணி பாட்டரி இரண்டு மணி நேரம் வருமே என்று தோன்றும். வராது! ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆகவே ஒரு மணி நேரமே கணக்கு. வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் மூன்று மணி நேரம்கூட ஓடலாம். கார் பாட்டரி இதற்கு உதவாது. அது வண்டியைக் கிளப்பும் ஒரு நொடிக்காகச் செய்யப்பட்டது. லித்தியம் பாட்டரி எடையில் பாதிகூட இராது. விலைதான் மலைக்க வைக்கும்.

இந்தக் கணக்கு தப்பினால் நஷ்டம் சிறிதல்ல. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று 'பாடு' முறையில் கிராமமே வகுத்து வைத்திருக்கிறது. தமக்குப் பாடு வந்த நாளில் பாட்டரி தீர்ந்து நடு ஏரியில் நின்றால், அந்த நாளின் மீன் போயிற்று. அடுத்த முறை வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும். வரும்போது அதுவே எதிரி. பாட்டரியில் பெரும் பங்கைத் திரும்பும் வழிக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

முகத்துவாரத்து நீரோட்டத்தில் இந்த மோட்டாரை நம்பி இறங்கக் கூடாது. அதன் பலம் ஒரு குதிரைச் சக்திகூட இல்லை.

தண்டு, ஏற்றி இறக்கக் கூடியதாக இருக்கட்டும். இல்லையேல் விசிறி சேற்றை உழும். நன்னீர் மோட்டார் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது வீண் செலவு. கோடையில் இந்த ஏரியின் உப்பு சில சமயம் கடலையும் மிஞ்சும். உப்பு நீருக்கென்று செய்ததில் ஒரு துத்தநாகத் துண்டு இருக்கும். மற்ற உலோகத்துக்குப் பதிலாக அது அரிபடும். தேய்ந்ததும் மாற்றிவிட வேண்டும். கரை திரும்பியதும் மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவி, விசிறியைக் கழற்றி, வலை நூல் சுற்றியிருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். நூல் உள்ளே புகுந்து சீலை அறுத்தால், தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கிவிடும்.