பழைய ராக் இசைத்தட்டை எடைக்குப் போடாதீர்கள்

1970, 71-இல் 'சிம்லா பீட்' என்று இரண்டு எல்பி இசைத்தட்டுகள் வந்தன. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனம் நடத்திய போட்டியில் கலந்துகொண்ட இந்திய ராக் குழுக்களின் தொகுப்பு அவை. பல ஆண்டுகள் கழித்து வெளிநாட்டு ரசிகர்களும் தேட, மறுவெளியீடு கண்டன.

இப்படி மறுவெளியீட்டுக்காக ஒலியைச் சீராக்கி ரீமாஸ்டர் செய்ய மூல ஒலிநாடாதான் சிறந்தது. அது கிடைக்காவிட்டால், இசைத்தட்டைத் துடைத்து ஓடவிட்டு, கணினியில் பதிந்து, கரகர ஒலியை நீக்குவார்கள். அளவு மீறி நீக்கினால் சிம்பலின் கணீர் ஒலியும் மங்கிவிடும்.

பிரேசர் டவுன் நேயர்களே, பரணில் பழைய எல்பி இருக்கிறதா? வெயில் படாமல் நிமிர்த்தி வையுங்கள். தொகுத்து வெளியிடும் ஆசை இருந்தால் பதிப்புரிமை உள்ளவரிடம் அனுமதி பெறுங்கள். இந்தியாவில் ஒலிப்பதிவின் பதிப்புரிமை 60 ஆண்டுகள்.