மட்டிக்குள் நஞ்சு வந்தது எப்படி?

1981ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், தமிழ்நாட்டின் கடலோர ஊரான வாயலூரில், மட்டி சாப்பிட்ட 85 பேர் நோயுற்றனர். அவர்களுள் மூவர் உயிரிழந்தனர். மட்டி கெட்டுப்போயிருக்கும் என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால், இது அழுகலால் வரும் நோயன்று. அப்போதுதான் எடுத்துவந்த மட்டியிலும் இந்த நஞ்சு இருக்கக்கூடும். சமைத்தாலும் அது அழியாது.

மட்டி இந்த நஞ்சைத் தானே செய்வதில்லை. கடல் நீரை உள்ளிழுத்து, அதில் மிதக்கும் நுண்ணுயிர்களை வடிகட்டி உண்பது அதன் வழக்கம். அவ்வுயிர்களுள் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் ஒரு வகை. ஒரே செல்லால் ஆன இவற்றுள் சில சாக்சிடாக்சின் என்னும் நஞ்சை உண்டாக்குகின்றன. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் இத்தகைய செல்கள் ஏறத்தாழ முப்பதை வரிசையாக அடுக்கலாம். மட்டி இவற்றை உண்ண உண்ண, நஞ்சு அதன் உடலில் சேர்ந்துகொண்டே போகிறது. மட்டிக்கு இதனால் பெருங்கேடு இல்லை. அதை உண்ணும் நமக்குத்தான் ஆபத்து.

நரம்பில் செய்தி ஓட வேண்டுமானால், நரம்புச் செல்லின் சவ்விலுள்ள நுண்துளைகள் வழியே சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். சாக்சிடாக்சின் அத்துளைகளைத் தக்கைபோல் அடைத்துவிடுகிறது. முதலில் உதடும் விரல் நுனிகளும் மரத்துப்போகும். நஞ்சு மிகுதியானால் மூச்சுத் தசைகள் செயலிழக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. எனினும், உடனே செயற்கைச் சுவாசம் அளித்தால் பிழைக்க வைக்கலாம்.

இவ்வுயிர்கள் திடீரென்று பெருகுவது ஏன்? ஒவ்வொன்றுக்கும் இரண்டு கசையிழைகள் உண்டு. அவற்றால் சுழன்று நீந்தி, பகலில் ஒளியை நாடி மேலேறும். இரவில் உணவுச் சத்துகளை நாடிக் கீழிறங்கும். அலை அடங்கிய, வெதுவெதுப்பான, சத்து நிறைந்த நீர் கிடைத்தால் இரண்டு நான்காகி, நான்கு எட்டாகிப் பெருகும். சத்து குறைந்தால் பல இனங்கள் தடித்த உறை பூண்ட உறக்கநிலைச் செல்களாக மாறி, அடிச்சேற்றில் ஆண்டுக் கணக்கில் காத்திருக்கும். காலம் கனிந்ததும் மீண்டும் முளைக்கும்.

இந்த உறக்கமே இவற்றின் பயணச்சீட்டும் ஆகும்! சரக்கு இல்லாத கப்பல் ஆடாமலிருக்க, துறைமுக நீரைத் தொட்டிகளில் நிரப்பிச் செல்லும். அந்நீருடன் சேறும் ஏறிவிடும். ஆஸ்திரேலியத் துறைமுகத்துக்கு வந்த ஒரே கப்பலின் தொட்டிச் சேற்றில் 30 கோடிக்கு மேற்பட்ட நச்சினச் செல்கள் உறங்கிக்கொண்டிருந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். தாஸ்மேனியாவில் 1986ஆம் ஆண்டில் நச்சுப் பெருக்கத்தால் சிப்பிப் பண்ணைகள் மூடப்பட்டன. அங்குள்ள கடலடிச் சேற்றின் பழைய அடுக்குகளில் அந்த இனத்தின் சுவடே இல்லை. ஆகவே, அது அண்மையில் வந்தேறியது எனக் கருதினர். கப்பல் நீரைக் கட்டுப்படுத்த 2004இல் உருவான உலக உடன்படிக்கை 2017இல் நடைமுறைக்கு வந்தது.

நீரின் நிறத்தை நம்பலாமா? கூடாது. சிவந்த நீரெல்லாம் நஞ்சன்று. தெளிந்த நீரெல்லாம் தூயதுமன்று. மட்டிச் சதையைச் சோதித்துப் பார்ப்பதே நம்பகமான வழி. பல நாடுகளில், ஒரு கிலோகிராம் சதையில் 800 மைக்ரோகிராமுக்கு மேல் இந்நஞ்சு இருந்தால் விற்பனையை நிறுத்திவிடுகிறார்கள். எனவே, மட்டி எடுக்கக் கூடாதென்று எச்சரிக்கை வந்தால், கடல் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும், அதை மீறாதீர்கள்.